துவைக்கிற கல்

சுற்றி நிற்கும் எல்லோரும் பேரைச் சொல்லி முடிக்கும்வரை செபாஸ்தியம்மாள் ஜாக்கிக் கம்பியைத் தொடுவதில்லை. சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் வண்டிக்கு முன்னால், பத்தடி தள்ளி, டிரைவர், தோட்டக்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர் என்று அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்துகிறார். "பேரச் சொல்லு." ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், சத்தமாக. பூ மண்டிக்காகத் தோட்டங்களுக்குப் போய் மல்லிகை மூட்டை ஏற்றி வருவது என் வேலை. எங்கள் வண்டி முதல்முறை மாட்டிக்கொண்டபோது நானும் அந்த வரிசையில் நின்றேன். என் பெயர் எனக்கே கேட்காதபடி வந்தது.

"வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்க? எனக்குக் கேக்கணும்" என்றார். மறுபடி சொன்னேன். ஒரு விரலை மடக்கிக்கொண்டார். வந்தவர்கள் ஆறு பேர், மடங்கிய விரல்கள் ஆறு என்று ஆன பிறகுதான் குனிந்தார். வண்டிக்கு அடியில் கிடப்பவன் வரிசையில் நின்று பேர் சொல்ல முடியாது. அந்தச் சடங்கின் பொருள் அவ்வளவுதான்.

நாற்பத்தொன்பது வயது. மெலிந்த உடம்பு. சேலைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டை, பொத்தான் போடாமல். நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் சாலையோரத்தில் 'ஸ்டான்லி டயர் ஒர்க்ஸ்' என்று பலகை தொங்கும் தகரக் கடை அவருடையது. வெயில் நாட்களில் பஞ்சர், காற்று. மழை விழுந்துவிட்டால் தோட்டங்களிலிருந்து போன் வரும். பூ ஏற்றப் போன குட்டியானை வேன், தேங்காய் ஏற்றப் போன மினி லாரி, வரப்பை ஒட்டிய மண்பாதையில் சக்கரம் அமுங்கி நிற்கும். போனில் லொகேஷன் அனுப்புகிறேன் என்பார்கள். அதெல்லாம் வேண்டாம் என்பார். "யாரு மோட்டார் ரூமுன்னு சொல்லு, வாரேன்." எக்ஸெல் மொபெட்டின் முன்பக்கம் இரண்டு பழைய ரயில் கட்டைப் பலகைகள், அரிசிச் சாக்கில் சுற்றிய ஆயில் ஜாக்கி, ஒரு மண்வெட்டி, ஆள் உயர மூங்கில் கழி. கழி மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும்.

வந்தவுடன் ஜாக்கியை எடுக்கமாட்டார். முதலில் சாவியைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். பிறகு சுமையை இறக்கச் சொல்வார். இங்கேதான் சண்டை. இருநூறு கிலோ பூவை இறக்கி மறுபடி ஏற்றுவதா என்று டிரைவர்கள் கொதிப்பார்கள். அவர் போய் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். இறக்கி முடியும்வரை எழுந்திருக்கமாட்டார். அதன் பிறகு நல்ல தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது, புதைந்த சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வாரி எடுப்பது, ஜாக்கி உட்காரப்போகிற மண்ணைச் செதுக்கிச் சமமாக்கி அகலப் பலகையைப் போடுவது. பலகைமேல் ஏறி நின்று நாலு மிதி மிதிப்பார். அது ஒரு பக்கம் அமுங்கினால் எடுத்துவிட்டு மறுபடி செதுக்குவார். ஒரு சாண் தூக்கியதும் ஸ்டெப்னியைப் படுக்கைவாக்கில் சேஸுக்கு அடியில் தள்ளிவிடுவார். ஜாக்கி நழுவினாலும் வண்டி அந்த டயரில்தான் விழும்.

"ஜாக்கி தூக்குறதுக்குத்தேன். தாங்குறதுக்கு இல்ல" என்பார், யாரும் கேட்காமலே.

சக்கரத்துக்கு அடியில் பலகையைத் திணிக்கவும் கையை விடுவதில்லை. மூங்கில் கழியால் தள்ளுவார். கையால் தள்ளினால் அரை நிமிடத்தில் முடியும் என்று ஒருமுறை யாரோ சொன்னபோது திரும்பிப் பார்த்தார். "கழி போவட்டும்ப்பா உள்ள. கழிக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல."

கல் மட்டும் கூடாது. நம் பக்கத்தில் வண்டி புதைந்தால் ஆள் முதலில் தேடுவது கல்லைத்தான். வரப்புக் கல், எல்லைக் கல், உடைந்த ஆட்டுக்கல் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அப்படி யார் கையிலாவது பார்த்துவிட்டால் செபாஸ்தியம்மாளின் முகம் சட்டென்று வயதாகிவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு இந்தத் தொழில் கணவர் ஸ்டான்லியுடையது. மனைவி கூடப் போய் ஜாக்கிக் கம்பி அடிப்பார். பெரியகருப்பன் என்பவருடைய தென்னந்தோப்பில் தேங்காய் ஏற்றிய மினி லாரி ஒன்று புதைந்தது. மழை மறுபடி இறங்குகிற மாதிரி இருந்ததால் சுமையை இறக்கவில்லை. பலகைகள் இரண்டும் சேற்றில் அமுங்கிப்போயின. அப்போது மோட்டார் ரூம் தொட்டியோரம் கிடந்த துவைக்கிற கல் வந்தது. நாலு விரல் கனம், பலகைபோலத் தட்டை. அதைவிட நல்ல அடிமானம் கிடைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இருபது வருடச் சோப்பு ஊறிய கல் அது. நனைந்ததும் மீன் முதுகுபோல ஆகிவிட்டது. ஜாக்கி ஏறியது, லாரி எழுந்தது, ஸ்டான்லி சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டை வைக்கக் குப்புறப் படுத்து உள்ளே போனார். பின்னால் இருந்தவர்கள் லாரியை லேசாகத் தள்ளினார்கள். ஜாக்கியின் இரும்பு அடி கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

இடுப்புக்குக் கீழே அவருக்கு இப்போது உணர்ச்சி எதுவும் இல்லை. கடையின் பின்பாதியில், பழைய டயர்கள் அடுக்கிய மறைவில், இரும்புக் கட்டிலில் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சின்ன ஜாக்கி வைத்துத்தான் உயர்த்துகிறார் செபாஸ்தியம்மாள். உயர்த்திய கையோடு கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து ஜாக்கியை உருவிவிடுகிறார். ஒரு கட்டிலுக்குக்கூட அவர் ஜாக்கியை நம்புவதில்லை.

ஸ்டான்லிக்குப் பேச்சுத்துணை வேண்டும். காற்றடிக்க வருகிறவர்களை உள்ளேயிருந்தே கூப்பிடுவார். "வாப்பா, பயப்படாம வா. பாதி ஆளுதேன் இருக்கேன்." ஊர்க்கதை பேசுவார், சிரிக்கவைப்பார், எப்படியும் கடைசியில் அங்கே வந்துசேர்வார். "அந்தப் பெரியகருப்பன் சோப்புக் கல்லக் கொண்டாந்து நீட்டி எங் காலத் தின்னுட்டான். சேத்தாளியாம், சேத்தாளி." அந்த இடம் வந்ததும் செபாஸ்தியம்மாள் எழுந்து போய்க் காற்றடிக்கிற மோட்டாரைப் போட்டுவிடுவார். டேங்கில் காற்று நிறைந்திருந்தாலும் போடுவார். அந்தத் தடதடப்பில் மிச்சக் கதை யார் காதிலும் விழாது.

ஆனால் கதை ஊருக்குள் போய்விட்டது. ஸ்டான்லி கடை திறந்த அன்று முதல் டயரைக் கொண்டுவந்தவர் பெரியகருப்பன். மாட்டு வண்டி டயர். இருபது வருடச் சினேகிதம். இப்போது அவருக்குக் கல்லுக்காரர் என்று பெயர். டீக்கடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் தோட்டத்தில் வேலைக்குப் போகிற பெண்களைக்கூடக் 'கல்லுக்காரர் வீட்டு ஆளுக' என்கிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார், அந்தப் பெயருக்கு.

கல்லைத் தூக்கி வந்தது அவர் இல்லை. செபாஸ்தியம்மாள்.

இது அவருக்கும் பெரியகருப்பனுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது; மற்றவர்கள் லாரிக்குப் பின்னால் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஸ்டான்லி கேட்ட முதல் கேள்வி, அந்தக் கல் ஏது என்பது. "பெரியகருப்பண்ணன் மோட்டார் ரூம் கல்லு" என்றார் மனைவி. பொய்யில்லை. அடுத்த வாக்கியத்தை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாராம். நாளைக்குள் ஸ்டான்லி அதை நாலு பேரிடம் சொல்லிவிட்டிருந்தார். இதை எழுதலாமா என்று பிற்பாடு செபாஸ்தியம்மாளிடமே கேட்டேன். வெகுநேரம் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்துவிட்டு, "எழுது. கல்லுன்னு மட்டும் எழுதாத. துவைக்கிற கல்லுன்னு எழுது. நாலு பேரு தெரிஞ்சுக்கிடட்டும்" என்றார்.

இந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை எங்கள் டிரைவர் அஜித், மூட்டை சுமக்கிற தூரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று குட்டியானையைப் பெரியகருப்பன் தோட்டத்துக்குள் மோட்டார் ரூம்வரை விட்டான். தென்னைக்கு நடுவே அவர் அரை ஏக்கர் மல்லிகை போட்டிருந்தார். இடது பின்சக்கரம் அச்சுவரை இறங்கியது. மணி ஏழரை. பத்துக்குள் மண்டியில் போடாவிட்டால் மொட்டு விரிந்துவிடும். அஜித் போன் போட்டான். எந்தத் தோட்டம் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"கல்லுக்காரர் தோட்டம்க்கா."

லைன் போய்விட்டது என்று அஜித் போனைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "அவருக்குப் பேரு இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சிவப்புத் துணி தோப்புக்குள் தெரிந்தது. பத்து நிமிடத் தொலைவு. வழியில் எங்கே நின்றார், என்ன யோசித்தார் என்பது எனக்குத் தெரியாது. எக்ஸெல்லை நிறுத்திய இடத்திலிருந்து தொட்டியைப் பார்த்தார். துவைக்கிற கல் இருந்த இடம் காலியாக, பாசி பிடித்து, அதன் அளவுக்குச் சதுரமாகக் கிடந்தது. அதை எடுத்து எங்கே போட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. துணிகள் தொட்டி விளிம்பில் காய்ந்துகொண்டிருந்தன.

சுமை இறங்கியது. வரிசை நின்றது. அஜித் பேர் சொன்னான், நான் சொன்னேன். பூப்பறிக்கிற ஜக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எம் பேரு ரேசன் கார்டுல இருக்கு. போயிப் பாத்துக்க."

"ரேசன் கார்டு வண்டிக்கடியில போவாது. நீதேன் போவ. சொல்லு."

"ஆத்தாடி. ஜக்கம்மா."

மீதி ஒருவர். பெரியகருப்பன் தள்ளி ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்து நாலு வயது, ஒடிசலான ஆள், தோளில் துண்டு. "கல்லுக்காரரே, ஒங்களத்தேன், வந்து நில்லுங்க" என்றான் அஜித்.

"பேரச் சொல்லச் சொன்னேன். பட்டத்த இல்ல" என்றார் செபாஸ்தியம்மாள், அஜித்தைப் பார்க்காமல்.

அவர் வந்து வரிசையின் ஓரத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். "பெரியகருப்பன்" என்றார்.

அந்த நான்காவது விரல் மடங்கச் சற்று நேரமாயிற்று.

வண்டி ஒரு சாண் எழுந்தது, ஸ்டெப்னி உள்ளே போனது. கழியால் தள்ளிய பலகை சேற்றில் சரியாகப் பொருந்தவில்லை. நேரம் எட்டே முக்காலைத் தாண்டியதில் பொறுமையிழந்த அஜித் வரப்பிலிருந்து ஒரு தட்டைக் கல்லைப் பெயர்த்துத் தூக்கி வந்தான். "கல்லு வேணாம்" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் சொன்னன. ஒன்று செபாஸ்தியம்மாளுடையது. இன்னொன்று பெரியகருப்பனுடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஜித் கல்லைக் கீழே போட்டான்.

ஒன்பதே காலுக்கு வண்டி மேட்டில் ஏறியது. நான் மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். செபாஸ்தியம்மாள் தொட்டியில் பலகைச் சேற்றைக் கழுவினார். பெரியகருப்பன் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகத்தான் பேசினார்கள். நான் ஓசை எழுப்பாமல் இருக்கிற ஆள் என்பதால் அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள்.

ஸ்டான்லி எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டார். முதுகுப் புண் உள்ளே இறங்கிவிட்டது, காய்ச்சல் விடுவதில்லை, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றார் இவர். வேறு யாருடைய செய்தியையோ சொல்வதுபோல இருந்தது குரல்.

"ஒரு எட்டு வந்து பாக்கட்டுமா, தங்கச்சி? கல்லப் பத்திப் பேசமாட்டேன்."

"ஒங்கள உள்ள விடமாட்டாருண்ணே."

"தெரியும்." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஊரு என்னமும் சொல்லிட்டுப் போவுது. எனக்கு அது பழகிருச்சு. அவென் என்னய வஞ்சுக்கிட்டே போயிரக் கூடாதுல்ல. அது மட்டுந்தேன்."

செபாஸ்தியம்மாள் கழுவிய பலகையையே மறுபடி கழுவினார். "நீங்க ஏண்ணே அன்னைக்கே சொல்லல?"

"ஒருத்தன் காலு போயிருச்சு. பொண்டாட்டியும் இல்லாமப் போகணுமா?"

செபாஸ்தியம்மாள் ஈரப் பலகையை எக்ஸெல்லில் ஏற்றினார். ஒன்றைத்தான் ஏற்றினார். இன்னொன்று எங்கள் மூட்டைகளோடு ஏறிவிட்டதை மண்டிக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். கிளம்பும்போது திரும்பாமல், "ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு பதினோரு மணிக்கு வாங்க" என்றார். இடையில் மூன்று நாட்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையைக் கொடுக்கப் போனேன். பதினொன்று ஆகிக் கொஞ்ச நேரம் இருக்கும். கடைக்கு எதிர்ப்பக்கம், சாலையின் அந்த ஓரத்தில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெரியகருப்பன் நின்றார். என்னைப் பார்த்தும் நகரவில்லை. உள்ளே, கட்டிலோரம் முக்காலியில் உட்கார்ந்து, செபாஸ்தியம்மாள் கணவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கோயிலுக்குப் போன சேலையை இன்னும் மாற்றவில்லை. ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. செபாஸ்தியம்மாள் சாலையைப் பார்த்தார், என் கையிலிருந்த பலகையைப் பார்த்தார், கண்ணால் ஓரத்தைக் காட்டினார். டயர் அடுக்கில் சாய்த்து வைத்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்தாரோ, இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாரோ.

"ஏங்க."

"ம்."

"அந்தக் கல்லப் பெரியகருப்பண்ணன் கொண்டாரல."

பிளேடு தாடையோரம் நின்றிருந்தது.

"நாந்தேன் கொண்டாந்தேன். தொட்டிக்கிட்டக் கெடந்துச்சு. நல்லாத் தட்டையா இருக்கேன்னு தூக்கியாந்து வச்சேன். நீங்க அந்தப் பக்கம் மட்ட வெட்டிக்கிட்டு இருந்தீக."

வெளியே ஒரு பஸ் போனது. தகரம் அதிர்ந்து அடங்கியது. நுரை ஓரத்தில் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?" என்றார் ஸ்டான்லி.

"பாத்துக்கிட்டுத்தேன் நின்னாக."

"மூணு வருசமாவா வாய மூடிக்கிட்டு இருந்தான்?"

செபாஸ்தியம்மாள் தலையை மட்டும் அசைத்தார். பிளேடு இருந்த கை மடிக்கு இறங்கிவிட்டது. ஸ்டான்லி மனைவியின் தோளில் கிடந்த துண்டை இழுத்து, சவரம் ஆகாத கன்னத்து நுரையைத் தானே துடைத்துக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதுத்தாப்புல நிக்கிறாக" என்றார் செபாஸ்தியம்மாள்.

ஸ்டான்லி ஒரு முழங்கையை ஊன்றி எழும்பினார். மூச்சு வாங்கியது. தாங்கப் போன மனைவியின் கையை விலக்கினார். இரண்டு கைகளாலும் தன் இடது காலை முட்டியோடு பிடித்துத் தூக்கிச் சுவரோரம் தள்ளினார். பிறகு வலது காலை. கட்டிலின் வாசல்பக்க ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. அங்கே சுருங்கிக் கிடந்த விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார்.